ஏஐ மழைய சொல்லும், நம்ம குளத்த அதுக்குத் தெரியாது: 2023 வெள்ளத்துல தனியா மாட்டுன ஒருத்தியோட அனுபவம்

2023 டிசம்பர் வெள்ளத்துல நான் பட்டத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருக்கேன், எழுத உக்காந்தா மனசு கனத்துப்போயி எந்திரிச்சிருவேன். இப்போ எழுதுறதுக்கு காரணம் எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி. அவ வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரர் மாதிரி வெளிநாட்டுலதான் இருக்காவ, கைப்பிள்ளையோட தனியா இருக்கா. "மைனி, இப்போதான் ஏஐ வந்துட்டுல்லா, மழை வந்தா பத்து நாளைக்கு முன்னாடியே போன் சொல்லிரும், எதுக்கு இப்படி பயப்படுதிய"ன்னு கேட்டா. அவ கேட்டதுல தப்பே இல்ல, போன் இப்போ நெசமாவே முன்னாடியே சொல்லுது, நானும் அத தினமும் பாக்குறவதான். ஆனா போன் சொல்றதுக்கும் நம்ம வாசல்ல தண்ணி ஏறுறதுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்கு, அத யாரும் எனக்கு முன்னாடி சொல்லல. அதுக்குத்தான் இது.

எங்க ஊரு திருநெல்வேலி மாவட்டத்துல மூலைக்கரைப்பட்டி பக்கம். தாமிரபரணி கரை கிடையாது, ஆறு எங்கயோ இருக்கு, எங்களுக்கு எல்லாம் குளம்தான். வானம் பாத்த பூமி, கார்த்திகையில குளம் பாதி பெருகுனாலே அந்த வருஷம் நல்ல வருஷம்னு சொல்லுவாவ. ஒரு குளம் நெறஞ்சா மறுகால் பாஞ்சு, அதாவது மிச்சத் தண்ணி வழிஞ்சு, அடுத்த குளம், அது நெறஞ்சா அதுக்கு அடுத்த குளம்னு சங்கிலி மாதிரி போகும். எங்க ஊரு அந்த வரிசையில கீழ கெடக்கு. வீட்டுல நானு, எட்டாப்பு படிச்ச என் மக, பக்கவாதம் வந்து ஒரு கை கால் வெளங்காத மாமியார். ஒரு கறவை மாடு, ஒரு கிடாரி, ஒம்பது ஆடு. நான் வீட்டுலயே தையல் போடுவேன். மாட்டுப் பாலும் தையலும்தான் கைச்செலவு, வீட்டுக்காரர் அனுப்புறது கடனுக்கு போயிரும்.

அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, மார்கழி ஒண்ணு. வெள்ளனே வாசல் தெளிக்கவே முடியல, மழை அப்பவே ஊத்திட்டு இருந்துச்சு. டிவியில ரெட் அலர்ட்னு ஓடுச்சு, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நாலு மாவட்டத்துக்கும். என் போன்ல இருந்த வானிலை ஆப்பும் மழை மேகம் படம் போட்டு அன்னைக்கு முழுக்க அம்பது அறுவது மில்லிமீட்டர்னு காட்டுச்சு. ரெட் அலர்ட்னா வீட்டுல இருக்கணும்னு எல்லாரும் புரிஞ்சிருந்தோம், வெளிய போகக்கூடாது, மின்கம்பத்த தொடக்கூடாது, அவ்வளவுதான். வீட்ட விட்டு கெளம்பணும்னு யாரும் சொல்லல. பள்ளிக்கூடம் லீவுன்னு மட்டும்தான் ஊர் குரூப்புல பேச்சு. சாயங்காலம் கரண்ட் போச்சு. ராத்திரி ஒரு எட்டு மணி போல டவரும் போச்சு, அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் வீட்டுக்காரர் பேசுனாவ, "குளத்தங்கரை எப்பிடி இருக்கு"ன்னு கேட்டாவ, பதில் சொல்றதுக்குள்ள கட் ஆயிட்டு. அப்புறம் நாள் கணக்கா அவுகளுக்கு நாங்க உசிரோட இருக்கோமா இல்லியான்னே தெரியாது. அங்க அவுக சாப்பிடாம கெடந்தாவன்னு கூட வேல பாத்தவர் பிறகு சொன்னாரு.

நடுச்சாமம் தாண்டி மேக்க உள்ள குளம் உடைஞ்சுது. சத்தம் எப்பிடி இருந்துச்சுன்னா லாரி ஜல்லி தட்டுற மாதிரி, ஆனா நிக்காம. முத்தத்துல கணுக்கால் அளவு நின்ன தண்ணி நான் விளக்க தேடி எடுக்குறதுக்குள்ள முழங்காலுக்கு வந்துட்டு. மகள முதல்ல பக்கத்து வீட்டு தட்டட்டிக்கு, மொட்டை மாடிக்கு, அனுப்பிட்டு, மாமியார தூக்க முடியாம கட்டில்ல நின்னுட்டு சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு பையன் வந்தான், ரெண்டு பேருமா அவுகள சேலையில கட்டி இழுத்துட்டு படி ஏறுனோம். அவுக "என்னைய விட்டுட்டு போ தாயி, பிள்ளைய பாரு"ன்னு சொல்லிட்டே இருந்தாவ. திரும்பி கீழ பாத்தா தொழுவுல தண்ணி நெஞ்சளவு. மாடு கத்துச்சு. கட்டுத்தறியில கட்டி இருக்கு, எறங்கி அவுக்க முடியாது, பையன் என் கைய புடிச்சுட்டு விடல. அந்த கத்தல் நின்னது எப்பன்னு எனக்கு தெரியும், அத இங்க எழுத வேண்டாம்.

இங்கேயே ஒண்ண சொல்லிருதேன், மாடு ஆடு வச்சிருக்கிற யாரா இருந்தாலும் கேட்டுக்கோங்க. பெரிய மழைன்னு தெரிஞ்ச ராத்திரி கால்நடைய கட்டிப் போடாதிய. மேட்டுக்கு கொண்டு போக முடிஞ்சா நல்லது, முடியலன்னா பொழுது இருக்கும்போதே கயித்த அவுத்து தொழுவ தொறந்து விட்டுருங்க. எங்க தெருவுல அவுத்து விட்ட மாடெல்லாம் நீந்தி பாறைக்கு போயிட்டு. அதுக்கு தெரியும். கட்டிப் போட்டதுதான் செத்துச்சு.

வெள்ளம் வடிஞ்ச பிறகுதான் கணக்கு போட்டேன். மாடு 55,000, சினைக்கு வந்த கிடாரி 20,000, ஆடு ஒண்ணு 7,000ன்னு ஒம்பதுக்கு 63,000, வைக்கப்படப்பு 12,000, கிணத்து மோட்டார் காயில் கட்ட 6,500, தையல் மிஷின் மோட்டார் 3,500. எல்லாம் சேத்து 1,60,000. இதுல துணி குடுத்தவங்களோட ஜாக்கெட் துணியெல்லாம் சேறா போச்சு, அத கணக்குல சேக்கல. குடும்ப நிவாரணம் 6,000 வந்துச்சு. அரசு அறிவிச்சபடி மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. ஆனா அதுக்கு கால்நடை டாக்டர் பாத்து சான்று குடுக்கணும், கிராம நிர்வாக அலுவலர் எழுதணும். மாடு தொழுவுலயே கெடந்ததால அதுக்கு கெடச்சுது. ஆடுல மூணு கருவேல முள்ளுல மாட்டிக் கெடந்துச்சு, அதுக்கு 12,000 கெடச்சுது. மத்த ஆறு ஆடும் கிடாரியும் தண்ணியோட போயிட்டு, உடம்பு இல்ல, போட்டோ இல்ல, வளத்தேன்னு காட்ட ஒரு துண்டு தாள் இல்ல. "எத்தனை ஆடு இருந்துச்சுன்னு நாங்க எப்பிடிம்மா நம்புறது"ன்னு கேட்டாவ. கோவமா வந்துச்சு, ஆனா அவங்க கேக்குறதும் ஒரு வகையில நியாயம்தான, ஊருக்குள்ள எல்லாரும் சொன்ன கணக்க அப்படியே எழுத முடியுமா. அதனால இப்போ நான் செய்யிறது என்னன்னா, மாட்டு காதுல போட்டிருக்கிற 12 நம்பர் வில்லை தெளிவா தெரியிற மாதிரி ஒரு போட்டோ, ஆடெல்லாம் சேத்து நான் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ, ஐப்பசி பொறக்கும்போது எடுத்து வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிருவேன். நம்ம போன் தண்ணியில போனாலும் அங்க தேதியோட இருக்கும்ல. ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் முதல் பக்கம் இதுவும் அப்படித்தான்.

பிறகு நாள் ஆக ஆக எனக்கு ஒரே கேள்வி உறுத்திட்டே இருந்துச்சு. எச்சரிக்கை வந்துச்சா இல்லியா? டிவியில அதே சண்டை, எப்போ சொன்னாவ, எவ்வளவு சொன்னாவ, முன்னாடியே சொன்னாவளா இல்லியான்னு. எனக்கு அந்த சண்டையில ஒண்ணும் இல்ல. ரெட் அலர்ட்னா 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல மழை வரலாம்னு அர்த்தம்னு பிறகுதான் தெரிஞ்சுது. அன்னைக்கு மூலைக்கரைப்பட்டியில பெஞ்சது 62 சென்டிமீட்டர், காயல்பட்டினத்துல 95. இருபத்தொண்ணும் ரெட் அலர்ட்தான், தொண்ணூத்தஞ்சும் ரெட் அலர்ட்தான். எங்க பக்கம் ஒரு வருஷத்துக்கு பெய்யிற மழை ஒத்த நாள்ல. அதுக்குன்னு தனியா ஒரு கலரே கிடையாது.

என் தம்பி மவன் திருநெல்வேலியில இன்ஜினியரிங் படிக்கான், அவன்தான் உக்காந்து பொறுமையா சொல்லிக்குடுத்தான். "அத்தே, பழைய முறையில காத்து, ஈரம், வெப்பம் எல்லாத்தையும் பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல மணிக்கணக்கா கணக்கு போடுவாங்க. புது ஏஐ மாடல் அப்படி போடாது, 1979-ல இருந்து உள்ள நாப்பது வருஷ வானிலைய முழுக்க படிச்சு வச்சிருக்கும், இன்னைக்கு வானம் இப்படி இருந்தா நாளைக்கு எப்பிடி இருக்கும்னு அந்த பழக்கத்துல இருந்து சொல்லும், பத்து நாளுக்குள்ளத ஒரு நிமிஷத்துக்குள்ள சொல்லிரும்"ன்னான். கூகுள் டீப்மைண்ட் 2023 நவம்பர்ல கிராஃப்காஸ்ட்னு ஒண்ணு வெளியிட்டாங்களாம், அதாவது எங்க வெள்ளத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. ஐரோப்பிய வானிலை மையம் அவங்களோட ஏஐ மாடல 2025 பிப்ரவரியில இருந்து தினசரி வேலைக்கே எடுத்துட்டாங்க. 2025-ல நம்ம நாட்டு வேளாண் அமைச்சகம் 13 மாநிலத்துல 3.8 கோடி விவசாயிகளுக்கு பருவமழை எப்போ ஆரம்பிக்கும்னு ஏஐ கணிப்ப மெசேஜா அனுப்புனாங்க. இதையெல்லாம் கேட்டப்போ எனக்கு நெசமாவே சந்தோசமா இருந்துச்சு. காட்டுல விதைக்கிறவனுக்கு நாலு வாரத்துக்கு முன்னாடி மழை எப்போன்னு தெரியிறது சின்ன விசயமா?

ஆனா அதே பையன்தான் குறையும் சொன்னான், அத நல்லா மனசுல வாங்கிக்கணும். இந்த மாடல் பூமிய கட்டம் கட்டமா பிரிச்சு பாக்கும், ஒரு கட்டம் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். பாளையங்கோட்டையும் எங்க ஊரும் அதுக்கு ஏறக்குறைய ஒரே இடம். அங்க எவ்வளவு, இங்க எவ்வளவுன்னு அதால பிரிக்க முடியாது. இந்திய வானிலை துறை 2025 மே மாசத்துல 6 கிலோமீட்டர் கட்டத்துல பாக்குற பாரத் ஃபோர்காஸ்ட்டுன்னு ஒண்ணு கொண்டு வந்துருக்காங்க, அது ஏஐ இல்ல பழைய கணக்கு முறைதான், ஆனா நம்ம மாதிரி சின்ன ஊருக்கு அந்த நெருக்கம் வேணும். ரெண்டாவது, நாப்பது வருஷத்துல நடந்தத படிச்சு சொல்றது, நடக்காதத கொறச்சுத்தான் சொல்லும். மழை வரும், பெருசா வரும்னு முன்னாடியே சொல்லிரும், எவ்வளவு பெருசுன்னு வரும்போது பயந்து பயந்து சொல்லும். அதனால இப்போ நான் ஆப்ல வர்ற மில்லிமீட்டர நம்புறதே இல்ல. எத்தனை நாள் முன்னாடி சொல்லுது, தினமும் பாக்கும்போது அந்த எண்ணு ஏறுதா எறங்குதா, ரெண்டு மூணு இடத்துல ஒரே மாதிரி சொல்லுதா, இதத்தான் பாக்குறேன்.

மூணாவது குறைதான் எங்க ஊருக்கு உயிர் போற விசயம். கூகுள் 2018-ல பாட்னாவுல ஆரம்பிச்ச வெள்ள முன்னறிவிப்பு இப்போ ஃப்ளட் ஹப்னு பல நாட்டுல இருக்கு, ஏழு நாள் வரைக்கும் முன்னாடி சொல்லும். நல்ல விசயம், தாமிரபரணி கரையில இருக்கிறவங்க கட்டாயம் பாக்கணும். ஆனா அது ஆத்துல ஓடுற தண்ணிய கணிக்கிறது. எங்கள அடிச்சது ஆறு இல்லியே, குளம். எந்த குளத்து கரை எங்க இளகி கெடக்கு, எந்த மறுகால் ஓடையில கருவேலம் அடைச்சு கெடக்கு, எந்த மடைப்பலகை வருசக்கணக்கா தூக்க முடியாம துருப்புடிச்சு கெடக்கு, இது எந்த செயற்கைக்கோளுக்கு தெரியும்? தெரிஞ்ச ஒரே ஆளு எங்க ஊர்ல மடை பாக்குற தாத்தா. அவுகளுக்கு எழுபது வயசுக்கு மேல, போன்ல பச்ச பட்டன தவிர எதையும் அமுக்க தெரியாது.

அவுககிட்ட போயி ஒரு மத்தியானம் உக்காந்தேன். என் மக நோட்ட வச்சிட்டு எழுதுனா. "தாத்தா, எவ்வளவு மழை பெஞ்சா எந்த குளம் என்ன ஆகும்"னு கேட்டேன். அவுக சென்டிமீட்டர்ல சொல்லல, "மேக்குளம் மறுகால் பாஞ்சு ராமுழுக்க மழை விடலன்னா விடியக்காலம் நம்ம குளம் முட்டும், அப்போ வடக்கு கரையில அய்யனார் கோயில் பக்கம் கசிவு பாரு, கலங்கலா கசிஞ்சா நிக்காத, தெளிவா கசிஞ்சா ஒண்ணும் இல்ல"ன்னாவ. எந்த ஆப்லயாவது இது இருக்கா? உடைஞ்சா தண்ணி முதல்ல எந்த தெருவுக்கு வரும், எந்த வீடு மேடு, எந்த பாதையில நடக்கலாம், எங்க கிணறு மூடி கெடக்குன்னு எல்லாம் ஒரு தாள்ல வந்துட்டு. இந்த தாள் இல்லாம என்ன ஏஐ வந்தாலும் மழை வருதுன்னு மட்டும்தான் தெரியும், நாம என்ன செய்யணும்னு தெரியாது. ஒங்க ஊர்லயும் இப்படி ஒரு தாத்தா இருப்பாவ. அவுக இருக்கும்போதே கேட்டு எழுதிருங்க.

ஏஐகிட்ட பேச்சுல கேக்குற ஆப் இருக்குல்லா, அதையும் சொல்லணும். 2024 ஐப்பசியில மழை நேரம் ஒரு நாள் தமிழ்ல பேசியே கேட்டேன், "எங்க ஊருக்கு நாளைக்கு வெள்ளம் வருமா"ன்னு. அழகா, மரியாதையா, முழு நம்பிக்கையோட "லேசான மழைதான், ஆபத்து இல்ல"ன்னு சொல்லுச்சு. தம்பி மவன் வாங்கி பாத்தா அது எங்க ஊர் பேர்ல உள்ள வேற ஊர பத்தி, அதுவும் பழைய தேதி தகவல எடுத்து சொல்லிருக்கு. நம்ம நாட்டுல ஒரே பேர்ல எத்தனை ஊரு! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு, தனியா இருக்கிற ஒருத்தி அத நம்பி மாட்ட கட்டிட்டு படுத்தா என்ன ஆகும். அது பேசுற கருவி, மழைய அளக்குற கருவி இல்ல. மழை வருமான்னு அதுகிட்ட கேக்காதிய. வானிலை துறையோட அறிக்கைய அதுல போட்டு, சாதாரண தமிழ்ல எளிமையா சொல்லுன்னு கேட்டா அந்த வேலைய நல்லா செய்யும், அறிக்கையில இருக்கிற எண்ணையும் தேதியையும் மட்டும் நாம ஒரு தடவ ஒப்பு பாத்துக்கணும். வானிலை ஆப்ல ஊர் பேர டைப் பண்ணுறதுக்கு பதிலா மேப்ல போயி நம்ம குளத்து மேல விரல வச்சு அந்த இடத்த சேமிச்சுக்கோங்க, பேர் கொழப்பம் வராது.

அப்புறம் இந்த வீண் அலைச்சல் விசயம், இதத்தான் ஊர்ல ரொம்ப பேரு தாங்க மாட்டாவ. 2024 நவம்பர் கடைசியில வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம்னு பேச்சு வந்ததும் நான் மூணு நாளைக்கு முன்னாடியே புது மாட்டயும் ஆட்டயும் சின்ன யானை வண்டி புடிச்சு மேட்டு ஊர்ல சித்தப்பா தோட்டத்துல விட்டேன். வண்டி வாடகை 1,200. இடம் மாறுனதுல மாடு பால் கொறச்சிட்டு. அந்த புயல் ஃபெஞ்சல்னு பேரெடுத்து புதுச்சேரி பக்கம் கரை ஏறிட்டு, எங்க ஊர்ல தூறல். தெருவுல நின்னு கேலி பண்ணுனாவ, "போன் சொன்னா இவ கெணத்துல குதிப்பா"ன்னு. அழுகை வந்துட்டு. ஆனா மாமியார் ஒரு கணக்கு சொன்னாவ, "போன தடவ போனது ஒண்ணரை லட்சத்துக்கு மேல, இந்த வாடகைய அதுல வகுத்து பாரு, நூறு தடவைக்கு மேல நீ சும்மா போயிட்டு வந்தாலும் நட்டம் இல்ல"ன்னு. படிக்காத மனுசி, கைகால் வெளங்காதவ, அவ்வளவு தெளிவு. முன்னறிவிப்புன்னா அப்படித்தான் எடுத்துக்கணும், பொய்யாப் போனா ஏமாத்தம் இல்ல. அத பொய்யின்னு சொல்லி அடுத்த தடவ படுத்துக்கிட்டா அதுதான் ஆபத்து.

ரெண்டு வாரம் கூட ஆகல, டிசம்பர் 12, 13-ல மறுபடி பேய் மழை, மலையில ஊத்து எஸ்டேட்ல 54 சென்டிமீட்டர் கொட்டுச்சு, தாமிரபரணியில திரும்பவும் வெள்ளம். முன்னாடி கேலி பண்ணுன வீட்டுல இருந்தே ரெண்டு பேர் என் வண்டியில ஆட்ட ஏத்துனாவ. வாடகைய பங்கு போட்டுக்கிட்டோம், ஆளுக்கு 400. எங்க குளம் மறுகால் பாஞ்சுது, உடையல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த ராத்திரி அணை உடைஞ்சிட்டுன்னு ஒரு குரல் மெசேஜ் வேற சுத்துச்சு, பெரிய அதிகாரி பேசுற மாதிரியே இருந்துச்சு, கெழவிங்க எல்லாம் இருட்டுல ஓட ஆரம்பிச்சிட்டாவ. இப்போ யார் குரல வேணாலும் ஏஐல செஞ்சிரலாம்னு பையன் சொன்னான். நாங்க 1077-க்கு அடிச்சு கேட்டோம், மாவட்ட கட்டுப்பாட்டு அறை நம்பர், அப்படி ஒண்ணும் இல்லன்னு சொன்னாவ. மாநிலத்துக்கு 1070. பேர் இல்லாம, தேதி நேரம் இல்லாம வர்ற எந்த குரலயும் அடுத்தவங்களுக்கு தள்ளாதிய. அரசாங்கத்தோட சசேத், டிஎன் அலர்ட் ரெண்டு ஆப்பையும் போன்ல போட்டு தமிழுக்கு மாத்தி வச்சிருங்க. 2023 அக்டோபர்ல எல்லா போனும் ஒரே நேரத்துல அலறிச்சே, சோதனைச் செய்தின்னு, ஞாபகம் இருக்கா, அத எரிச்சல்ல ஆஃப் பண்ணி வச்சவங்க செட்டிங்ஸ்ல போயி திரும்ப ஆன் பண்ணுங்க. அதுக்கு டேட்டா வேண்டாம், டவர் இருக்கிறவரைக்கும் வரும்.

ஆனா டவர் இருக்கிறவரைக்கும்தான். எல்லா ஏஐயும் எல்லா ஆப்பும் அந்த ஒத்த கம்பத்துல தொங்குது. எங்களுக்கு வெள்ளம் வந்தது டவர் செத்து மணிக்கணக்கு ஆன பிறகு. அதனால போன் பேசுற நேரத்துலயே முடிவு எடுத்துரணும், அதுக்கு மேல வானத்தயும் குளத்தயும் பாத்துத்தான். நான் இப்போ தட்டட்டியில ஒரு எவர்சில்வர் தூக்கு வச்சிருக்கேன், மேலயும் கீழயும் ஒரே அகலம் இருக்கணும் அதுதான் முக்கியம், வாய் விரிஞ்ச வாளி வச்சா அளவு தப்பா வரும். மழை ஆரம்பிச்சதும் காலி பண்ணி வச்சு ஸ்கேல விட்டு பாப்பேன். பத்து சென்டிமீட்டர் தாண்டுனா மாமியார மாத்தணும், மேக்குளத்து மறுகால் பாயுதுன்னு சேதி வந்தா பத்து ஆகலன்னாலும் மாத்தணும். பொழுது அடைஞ்ச பிறகு யாரும் எங்கயும் நகரக்கூடாது, அதனால சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு, அதுக்கு மேல பேச்சு கெடையாது. பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், திருநெல்வேலி வானொலி கேக்குறதுக்கு. பவர்பேங்க்கு ரெட் அலர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம ஆரஞ்சு வரும்போதே சார்ஜ் போட்டுருவேன்.

இன்னும் சரியாகாததையும் சொல்லிருதேன். எங்க தெருவுல பாதி வீட்டுல போனு ஆம்பிளைங்க கையில, அவுக திருப்பூர்லயோ சென்னையிலயோ வளைகுடாவுலயோ இருக்காவ, எச்சரிக்கை அங்க போயி அலறும், வீட்டுல இருக்கிற கெழவிக்கு ஒண்ணும் தெரியாது. கோயில் மைக்குக்கு கரண்ட் வேணும். அதனால சர்ச் மணிய விட்டு விட்டு அடிச்சா மேட்டுக்கு போகணும்னு பேசி வச்சிருக்கோம், சாமியாரும் சரின்னுட்டாவ. போன் இல்லாத வீட்டுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பையன் பேர எழுதி தாள்ல ஒட்டியாச்சு. மறுகால் ஓடையில கருவேலம் வெட்டணும்னு மனு குடுத்துருக்கோம், இன்னும் நடக்கல, நான் விடப்போறது இல்ல.

எல்லாத்த விட உபயோகமானது எதுன்னு என்னைய கேட்டா, மேக்குளத்து ஊர்ல மடை பாக்குற அண்ணாச்சி நம்பரும், அவரு வீட்டு அக்கா நம்பரும்தான். ஒரே சங்கிலியில இருக்கிற குளம், நடுவுல நாலு கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா 2023-ல அந்த ஊர்ல ஒருத்தர் நம்பரும் எங்க ஊர்ல யார்கிட்டயும் இல்ல. அவங்க சாயங்காலமே மறுகால் பாயிறத பாத்திருக்காவ. இப்போ அவங்களுக்கு மறுகால் பாஞ்சா எனக்கும் தாத்தாவுக்கும் போன் வரும், நான் எங்களுக்கு கீழ உள்ள ஊருக்கு அடிப்பேன், டவர் போயிட்டா அவங்க பையன் பைக்ல மேட்டு ரோடு வழியா வருவான்னு பேச்சு. ஒங்களுக்கு மேல உள்ள குளம் எதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க, அந்த ஊருக்கு ஒரு தடவ நேர்ல போயி பேசி நம்பர் வாங்கிட்டு வாங்க, புரட்டாசி முடியிறதுக்குள்ள.